சிரித்தவர்களுக்கு மெமோ கொடுக்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் மேலாளராக இருக்கிறேன். லோடுமேன்கள், பாய்லர் ஆட்கள், கூட்டிப் பெருக்கும் பெண்கள், பீகாரிலிருந்து வந்தவர்கள் என்று 70 பேர் வேலை செய்கிறார்கள். ஆயுத பூஜை அன்று மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும், களத்தில் திரை கட்டி சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' படம் போட்டேன். பேச்சு இல்லாத படம், எல்லோருக்கும் புரியும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாப்பாடு ஊட்டும் மிஷின் வருகிற காட்சியில் யாரோ எங்கள் சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிக் கத்த, களமே அதிர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவருக்கு 'சூப்பு மிஷின்' என்று பெயர். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தால், கால் மணி நேரத்தில் "லாரி வந்துடுச்சு, எழுந்திரிங்க" என்று கையில் வாட்சோடு வந்து நிற்பார். அதனால் வந்த பெயர். அந்த வாரமே 11 பேர் கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முழுசாக வேண்டும் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். "நீ படம் போட்டு ஆட்களைக் கெடுத்துட்டே. எவன் ஆரம்பிச்சான்னு கண்டுபிடி, மெமோ கொடு" என்கிறார் முதலாளி. சூப்பர்வைசரோ, அவமானமாகிவிட்டது, வேலையை விட்டுப் போகிறேன் என்கிறார். அவரும் மூட்டை தூக்கி மேலே வந்த நல்ல மனிதர். நான் படம் போட்டது தப்பா? மெமோ கொடுக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மெமோ கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தட்டச்சு செய்து மேசையில் வைத்திருந்தால் அதைக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஏன் என்று சட்டத்தை வைத்தும் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போட்ட படத்தை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தப் படத்திலேயே இருக்கிறது.

படத்தில் வேலை இழந்த சாப்ளின் தெருவில் நடந்து போவார். முன்னால் போகும் ஒரு லாரியின் பின்பக்கம், நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்காகக் கட்டிய எச்சரிக்கைக் கொடி கீழே விழும். அதை எடுத்து, "ஏய், கொடி விழுந்துவிட்டது" என்கிற மாதிரி ஆட்டிக்கொண்டே லாரியின் பின்னால் ஓடுவார். அதே நேரம் அவருக்குப் பின்னால் ஒரு தெருமுனையிலிருந்து வேலையில்லாதவர்களின் ஊர்வலம் திரும்பி வரும். போலீஸ் வந்து பார்த்தால், கையில் கொடியோடு முன்னால் நிற்பது இவர்தான். தலைவன் என்று பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

"எவன் ஆரம்பிச்சான்" என்று முதலாளி உங்களைத் தேடச் சொல்வது அந்தப் போலீஸ் செய்த வேலையைத்தான். தேடினால் யாராவது ஒருவர் கிடைப்பார். சத்தமாகச் சிரித்தவர் கிடைப்பார், அல்லது சீட்டில் முதல் கையெழுத்துப் போட்டவர் கிடைப்பார். பெரும்பாலும் அது நன்றாக எழுதத் தெரிந்தவராக இருக்கும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதியிருப்பார். அவரை வெளியே அனுப்பிவிட்டாலும் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கத்தான் போகிறது, ஒன்றேகாலுக்கு லாரி வரத்தான் போகிறது.

இப்போது சாப்பாட்டுக் காட்சிக்கு வருவோம். அதில் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் முதலாவது மட்டும்தான் நினைவில் நிற்கும். தொழிலாளி சாப்பிட எழுந்து போகும் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு மிஷின் கண்டுபிடித்து விற்க வருகிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்க சாப்ளினைப் பிடித்துப் பூட்டி நிறுத்துகிறார்கள். சூப்பு முகத்தில் கொட்டுகிறது, மக்காச்சோளக் கதிர் மூக்கில் உருள்கிறது, வாயில் திருகுமறைகள் போகின்றன. நடுநடுவே ஒரு பஞ்சு மட்டும் மிக மரியாதையாக வந்து வாயைத் துடைத்துவிட்டுப் போகிறது. கடைசியில் முதலாளி அந்த மிஷினை வேண்டாம் என்கிறார். ஒரு மனிதனை இப்படிப் படுத்துகிறதே என்பதற்காக இல்லை. நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகிறார். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முதலாளியிடம் பேசும்போது தேவைப்படும்.

இரண்டாவது காட்சி வெகுநேரம் கழித்து வருகிறது. மூடிக் கிடந்த ஆலை திறக்கிறது. சாப்ளின் ஒரு வயதான மெக்கானிக்குக்கு உதவியாளாகச் சேர்கிறார். அந்த மனிதர் மிஷினுக்குள் சிக்கிக்கொள்கிறார், தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து சாப்பாட்டு மணி அடித்துவிடுகிறது. மிஷினை நிறுத்தியாயிற்று, இனி ஓட்டி அவரை வெளியே எடுக்க முடியாது. சாப்ளின் என்ன செய்கிறார்? பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய சாப்பாட்டைப் பிரித்து, தன் கையாலேயே ஊட்டுகிறார். காப்பியை ஊற்ற வழி தெரியாமல், முழுக்கோழியை எடுத்து அதையே புனல் மாதிரி பிடித்து ஊற்றுகிறார். உங்கள் களத்தில் இந்தக் காட்சிக்கும் சிரித்திருப்பார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு சிரிப்பு. மிஷின் ஊட்டும்போது சிரிப்பவனுக்கு உள்ளுக்குள் கோபமும் இருக்கும். மனிதன் ஊட்டும்போது வரும் சிரிப்பில் அது இருக்காது.

1936-இல் வந்த படம் இது. பேசும் படங்கள் வந்து பல வருடம் ஆன பிறகும் சாப்ளின் இதைக் கிட்டத்தட்ட மௌனப் படமாகவே எடுத்தார். ஆலைக்குள் யாருடைய குரல் கேட்கிறது என்று கவனித்தீர்களா? பெரிய திரையில் வந்து "வேகத்தைக் கூட்டு" என்கிற முதலாளியின் குரல் கேட்கும். அந்தச் சாப்பாட்டு மிஷினைப் புகழ்ந்து பேசும் இசைத்தட்டின் குரல் கேட்கும். வேலை செய்பவர்களுடைய குரல் கேட்கவே கேட்காது. கழிப்பறையில் ஒரு நிமிஷம் நின்று சிகரெட் பற்றவைத்தால், அங்கேயும் சுவரில் முதலாளியின் முகம் வந்து விரட்டும்.

இந்தப் படத்துக்குப் பொறி எங்கிருந்து வந்தது என்று சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். டெட்ராய்ட்டின் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு இளம் பத்திரிகையாளர் அவரிடம் சொன்னாராம். பண்ணைகளிலிருந்து வந்த ஆரோக்கியமான இளைஞர்கள், ஓடும் பட்டையின் முன்னால் நாலைந்து வருடம் நின்றால் நரம்பு தளர்ந்து போய்விடுகிறார்கள் என்று. அதை வாசித்தபோது எனக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்த பிறகு வயலில் வேலை குறைந்து ஆலைக்கு வந்தவர்கள் உங்களிடமும் இருப்பார்கள். வயல் வேலை கடினம்தான், அதைப் பற்றிப் பெருமை பேச எனக்கு மனம் இல்லை. ஆனால் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் நேரத்தில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம். பாய்லர் பக்கத்திலும் தவிட்டுத் தூசியிலும் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு அந்த மூச்சு இந்த அரை மணி நேரத்தில்தான் கிடைக்கிறது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன்.

1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 55-ஆவது பிரிவில் இதைத் தெளிவாகவே வகுத்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும். 2025 நவம்பரில், பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்த புதிய தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. எட்டு மணி நேர வேலைநாள் அவற்றிலும் இருக்கிறது, மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியும் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு உள்ளே வருபவருக்கு ஒரு மணிக்கு ஐந்து மணி நேரம் நிறைந்துவிடுகிறது. ஒன்றேகாலுக்கு எழுப்பினால் அவருக்குக் கிடைத்தது கால் மணி நேரம்தான். ஆகவே அந்த 11 பேர் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருப்பதைக் கேட்டிருக்கிறார்கள், அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பொறுப்பான தொழிலாளர்கள் செய்கிற காரியம் அது. இந்த விஷயத்தில் பீகார்காரர், மன்னார்குடிக்காரர் என்ற வேறுபாடும் கிடையாது.

மெமோவில் என்ன குற்றம் என்று எழுதுவீர்கள்? திருட்டு, வேண்டுமென்றே கீழ்ப்படியாமை, அடிக்கடி சொல்லாமல் லீவு போடுவது, ஆலைக்குள் கலாட்டா இதெல்லாம் ஒழுங்கீனம் என்று ஆலையின் வேலை விதிகளான நிலையாணைகளில் வழக்கமாக வரும். பண்டிகை நாளில், நிர்வாகமே போட்ட படத்தைப் பார்த்துச் சிரித்ததை இதில் எந்த வரியிலும் அடைக்க முடியாது. பட்டப்பெயர் வைத்தது சரியா என்று கேட்டால், சரியில்லை. அந்த மனிதருக்கு வலித்திருக்கிறது. ஆனால் அது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

இதைவிட முக்கியமான ஒன்று தேதி. சமரசப் பேச்சுக்கோ தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ இது போனால், அங்கே முதலில் இரண்டு தேதிகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சீட்டு கொடுத்த தேதி எது, மெமோ கொடுத்த தேதி எது? பட்டப்பெயருக்காகக் கொடுத்தோம் என்று நீங்கள் சொல்வீர்கள். சீட்டு கொடுத்ததற்காகப் பழிவாங்கினார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். ஒரே வாரத்தில் இரண்டும் நடந்திருந்தால் உங்கள் பக்கம் நின்று வாதாடுவது எனக்கே சிரமம். கூட்டாகக் கோரிக்கை வைத்தவரைப் பழிவாங்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்ற வகையில் வரும். அதற்குத் தண்டனையும் உண்டு. இரண்டு விஷயங்களையும் முதலாளி ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். அவற்றைப் பிரித்து வைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? படத்தின் முதலாளி சொன்ன அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குங்கள். கால் மணி நேரத்தில் எழுப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. குறுவை நெல் வந்து குவிகிற இந்தப் பருவத்தில், நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை செய்கிற ஆலைகளில் லாரி எந்த நேரமும் வரும். எப்போது வந்தாலும் எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பத் தேவையில்லை. ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி பன்னிரண்டரைக்கும் மற்றது ஒரு மணிக்கும் சாப்பிடட்டும். வரும் லாரிக்கு வரிசைப்படி சீட்டு கொடுத்துவிட்டால் டிரைவர் ஹாரன் அடித்து அவசரப்படுத்துவதும் குறையும். பாய்லரை ஆளில்லாமல் விட முடியாது. ஆகவே அங்கே தகுதியுள்ள மாற்று ஆள் ஒருவர் வந்து நின்ற பிறகுதான் இவர் எழுந்து போக வேண்டும். இப்போது அவர் பாய்லர் பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிடுகிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். பல ஆலைகளில் நான் பார்த்தது அதைத்தான்.

லோடுமேன்களைத் தனியாகக் கேளுங்கள். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர்கள் அவர்கள். லாரி காத்திருந்தால் அன்றைய வரும்படி குறையுமோ என்ற பயம் அவர்களில் சிலருக்கே இருக்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு தரப்பையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து "உங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்டால் அவர்களுக்குள்ளேயே சண்டை வரும், முதலாளி அதைக் காட்டி எதுவும் மாற்ற வேண்டாம் என்பார். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் ஆட்கள் உள்ள குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். உங்களிடம் இருந்தால் இதை அங்கே வையுங்கள். இல்லையென்றால் இப்போதே அமையுங்கள். பெண்களுக்கும் அதில் இடம் வேண்டும். கூட்டிப் பெருக்கும் பெண்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கை கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் வாயைத் திறந்தால்தான் உங்களுக்குத் தெரியவரும்.

படம் போட்டதால்தான் ஆட்கள் கெட்டார்கள் என்று முதலாளி நினைப்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்பதற்கு டெல்டாக்காரர்களுக்கு யாரும் படம் போட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பண்ணையாட்களைச் சாணிப்பால் குடிக்கவைத்துச் சவுக்கால் அடித்த மண் இது. அதை எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் ஊர் ஊராக நடந்து ஆட்களைத் திரட்டினார். 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கென்று தனியாக ஓர் அவசரச் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் கூலியை உயர்த்திக் கேட்டதில் வளர்ந்த பகை, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் எரித்துக் கொன்றது. உங்கள் ஆலையை அதோடு ஒப்பிடுகிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்களிடம் மூட்டை தூக்குகிறவர்களின் தாத்தாவும் பாட்டியும் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள். கேட்டதற்குத் தண்டனை என்ற வார்த்தை இந்தப் பக்கத்தில் எப்படிக் காதில் விழும் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள்தான் அதை அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அந்தப் படம் சங்கத்துக்காக எடுத்த பிரசாரப் படம் கிடையாது. அந்த மெக்கானிக்கை வெளியே எடுத்த கையோடு வேலைநிறுத்தம் என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்போதுதான் வேலை கிடைத்த சாப்ளின் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார். பிறகு ஒரு கடையில் இரவுக் காவலராக இருக்கும்போது திருட வந்தவர்களில் ஒருவர் அவரோடு ஆலையில் வேலை பார்த்தவராக இருப்பார். நாங்கள் திருடர்கள் இல்லை, பசி என்பார் அவர். வேலை போனவனுடைய பசியை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்த நகைச்சுவைப் படம் குறைவு. அதை உங்கள் ஆட்களுக்குப் போட்டுக் காட்டியதில் ஒரு தப்பும் இல்லை. நல்ல காரியம் செய்தீர்கள். அடுத்த ஆயுத பூஜைக்கும் தயங்காமல் படம் போடுங்கள்.

சூப்பர்வைசர் விஷயத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. முதலாளி லாரியைக் காக்கவைக்காதே என்கிறார், இவர் வாட்சைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கிறார். நேற்று வரை தன்னோடு மூட்டை தூக்கியவர்கள் முன்னால் அப்படி நிற்பது அவருக்கும் சுகமாக இருந்திருக்காது. உத்தரவு ஒருவருடையது, பட்டப்பெயர் இன்னொருவருக்கு. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?" மூன்று மணிக்கு முன்னால் என்று பதில் வந்தால் எனக்கு ஆச்சரியம்தான். அவர் பெயரையும் சாப்பாட்டு அட்டவணையில் எழுதுங்கள். அவர் உட்காரும் அரை மணி நேரம் வாட்சும் லாரியும் உங்கள் பொறுப்பு. எல்லோரையும் கூட்டி வைத்து அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். அது பட்டப்பெயரைக் கல்வெட்டில் வெட்டுகிற மாதிரி ஆகிவிடும். புது நேர ஒழுங்கை அவரே ஆட்களுக்கு அறிவிக்கட்டும். எழுப்ப வந்தவர் வாயாலேயே "அரை மணி நேரம் முழுசா உட்காருங்க" என்று வந்தால், அந்தப் பெயர் தானாகத் தேய்ந்துபோக நிறைய வாய்ப்பு உண்டு.

எல்லாம் சொன்ன பிறகும் முதலாளி மெமோவில் பிடிவாதமாக இருந்தால், உத்தரவை எழுத்தில் கேளுங்கள். யார் மீது, என்ன குற்றம், எந்த விதியின் கீழ் என்று அவரே எழுதட்டும். உங்கள் கருத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த 11 பேரின் சீட்டின் மூலப்பிரதியைக் கோப்பில் பத்திரமாக வையுங்கள். அதைப் பெற்றுக்கொண்டதாக இந்த வாரத்துக்குள் உங்கள் கையெழுத்தோடு அவர்களுக்கு ஒரு பதில் கொடுத்துவிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து நேரம் மாறும் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் நல்லது.